மண் நிரப்பும் முன் கணினியில் ஒரு மேடு

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தத் தூத்துக்குடிக் கரையில் மனை வாங்கியவருக்கு, ரோட்டுக்கு மேல் எத்தனை அடி ஏற்றுவது என்பதே இன்றைய முதல் கவலை. அதற்கு விடை தேட உதவுவது, ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கும் நில மாதிரி.

டோட்டல் ஸ்டேஷன் கருவியால் சர்வேயர் மனையில் பல புள்ளிகளின் இடத்தையும் உயரத்தையும் அளந்து தருகிறார். மென்பொருள் அருகருகே உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து ஒரு பரப்பை உண்டாக்குகிறது. புள்ளி இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழைய உப்பளத்தை அளக்கும்போது பாத்திகளுக்குள் மட்டும் புள்ளி எடுத்து வரப்பின் தலையை விட்டுவிட்டால், முக்கோணங்கள் வரப்பை விழுங்கிவிடும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வரப்பே படத்தில் இருக்காது. இந்தத் தட்டை நிலத்தில் அரை அடி உயரம்கூடப் பெரிய விஷயம்.

ரெவிட்டில் நிலம் முன்பு தடிமன் இல்லாத வெறும் தோலாக இருந்தது. 2024 பதிப்பில் தடிமனும் அடுக்குகளும் உள்ள டோப்போசாலிட் வந்தது. கட்டடம் உட்காரும் சமதளத்துக்குப் பேட் என்று பெயர். பழைய பதிப்புகளில் அதன் எல்லையை வரைந்து உயரத்தைக் கொடுத்தால் மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பும். ஆனால் அந்தப் பேட் சுவர்போல் செங்குத்தான ஓரத்தோடு நிற்கும். நிஜத்தில் கொட்டிய மண் அப்படி நிற்காது. சரிவு விட வேண்டும், இல்லையேல் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். இதை வரைபடத்திலேயே காட்டாவிட்டால் செலவுக் கணக்கு பொய்யாகிவிடும்.

ஐந்தரை சென்ட் மனை, 40க்கு 60 அடி என்று கொள்வோம். ரோட்டுக்கு மேல் 2 அடி ஏற்ற 4,800 கன அடி, அதாவது 48 யூனிட் மண் போதும் என்று வாய்க்கணக்கு சொல்லும். முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் இருந்து, பின்பக்கம் சீராக ஓர் அடி தாழ்ந்திருந்தால் தேவை 60 யூனிட். ரோலர் ஓட்டி அமுக்கினால் மண் இறங்கும்; அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

எந்த மட்டத்திலிருந்து உயரம் அளந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் சராசரிக் கடல் மட்டம். கப்பல்களுக்கான கடல் வரைபடத்தில் அதைவிடத் தாழ்ந்த சார்ட் டேட்டம். துறைமுகத்தை ஒட்டிய வேலைகளில் இரண்டையும் கலந்துவிட்டால் கட்டடமே தவறான உயரத்தில் உட்கார்ந்துவிடும்.

பெரும்பாலான மாதிரிகள் வேலியோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஆகாதது. மனையை 2 அடி உயர்த்தினால் அங்கே தேங்கிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவையும் வாய்க்காலையும் அண்டை வீடுகளின் வாசல் மட்டத்தையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். பழைய பரப்பு, புதிய பரப்பு இரண்டிலும் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, வடிகாலுக்கு வழி விட்ட பிறகே மண் லாரியை வரச் சொல்ல வேண்டும்.