காலையில் இறுக்கம், மதியம் தளர்வு

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் டயாலிசிஸுக்கும் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்தக் கால் ஏறவே மாட்டேன் என்கிறது. அழுத்தித் தள்ளித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. நான்கு மணி நேரம் கழித்து டயாலிசிஸ் கட்டிலிலிருந்து இறங்கி நின்றால், அதே கால் தொளதொளவென்று ஆடுகிறது. பிளாஸ்டிக்கும் உலோகமும் ரப்பரும் துளிகூட மாறவில்லை. மாறியது உடல். அந்த நான்கு மணி நேரத்தில் இயந்திரம் இரண்டு மூன்று லிட்டர் நீரை அவர் உடம்பிலிருந்து எடுத்திருக்கும். எஞ்சிய காலின் சதையில் தேங்கியிருந்த நீரும் அதில் கொஞ்சம் போயிருக்கும்.

செயற்கைக் கால் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் விபத்தில் காலை இழந்த, மற்றபடி திடமான இளைஞர். வளைந்த கரிமநார்த் தகட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறவர். ஆனால் சர்க்கரை நோயிலும் ரத்தக்குழாய் அடைப்பிலும் காலை இழந்து, ஐம்பது அறுபது வயதில் நடை பழக வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை எடுத்தது காலை மட்டும், நோயை அல்ல. சர்க்கரை, சிறுநீரகம், இதயம், கண் எல்லாம் தத்தம் போக்கில் மாறிக்கொண்டே இருக்க, ஒரே அளவில் வார்க்கப்பட்ட ஒரு பொருளோடு அவர்கள் தினமும் ஒத்துப்போக வேண்டும்.

எடை எங்கே இறங்குகிறது?

பார்ப்பவர் கண்ணில் படுவது செயற்கைப் பாதம். அணிபவருக்கு முக்கியம் சாக்கெட், அதாவது எஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கூடு. நம் குதிகாலின் தோல் தடித்தது, அதன் அடியில் கொழுப்பு மெத்தை உண்டு. எடை தாங்குவதற்கென்றே அமைந்த இடம் அது. வெட்டித் தைத்த காலின் நுனிக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. முழு உடம்பும் அங்கே அழுத்தினால் எலும்பு முனைக்கும் கூட்டின் அடிக்கும் நடுவே சிக்கித் தோல் நைந்துவிடும்.

ஆகவே எடையை வேறிடத்தில் இறக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். தடித்த நாண் ஒன்று தட்டுப்படும். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் இடம் அது. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான சாக்கெட் வடிவம் அந்த நாணை முக்கியத் தாங்குமிடமாக எடுத்துக்கொண்டது. கூட்டின் முன்பக்கத்தில் உள்நோக்கி ஒரு சிறு மேடு அந்த இடத்தில் போய் அமரும். அதன் பிறகு சிலிக்கோன் உறைகள் வந்தன. எடையைக் காலின் மேற்பரப்பு முழுவதிலும் பரப்பிவிடும் சாக்கெட்டுகளும் வந்தன. எந்த வகையானாலும் விதி ஒன்றுதான்: காலும் கூடும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.

பொருத்தம் கெட்டால் நடப்பது இது. கால் இளைத்துவிட்டால் கூட்டுக்குள் அளவுக்கு மீறிக் கீழே இறங்கும். நாணில் அமர வேண்டிய மேடு இப்போது முழங்கால் சில்லின் கீழ்முனையில் இடிக்கும். எலும்பு நுனி கூட்டின் அடியில் முட்டும். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கால் உள்ளே மேலும் கீழும் வழுக்கித் தோலைத் தேய்க்கும். கால் வீங்கிவிட்டால் நேர்மாறு: முழுதாக உள்ளே போகாது, மேடு கீழே தள்ளி கணைக்கால் எலும்பின் புடைப்பில் குத்தும்.

இதற்கு உலகமெங்கும் உள்ள தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிது: சாக்ஸ். தடிமனை பிளை என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு பிளை, மூன்று பிளை, ஐந்து பிளை. கால் தளர்ந்தால் ஒன்றைக் கூட்டு, இறுகினால் ஒன்றைக் கழற்று. செயற்கைக் கால் செய்பவர்கள் வந்தவரைப் பார்த்ததும் கேட்பது, “இன்னைக்கு எத்தனை சாக்ஸ் போட்டிருக்கீங்க?” என்பதுதான். அந்த எண்ணிக்கை உடல்நிலையின் குறிப்பேடு. காலையில் மூன்று, மதியம் ஐந்து என்றால் இயல்பான நாள். என்றும் இல்லாதபடி காலையிலேயே எல்லாவற்றையும் கழற்றினாலும் கால் ஏறவில்லை என்றால், உடம்பில் நீர் தேங்குகிறது. சிறுநீரகமோ இதயமோ ஏதோ சொல்கிறது. வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போய்ப் பத்துப் பதினைந்து பிளையை எட்டினால், சாக்கெட்டையே புதிதாகச் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நோயே இல்லாதவருக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு ஒன்றரை ஆண்டுவரை எஞ்சிய கால் இளைத்துக்கொண்டேதான் போகும். வீக்கம் வடியும், வேலையில்லாத தசை சுருங்கும். முதல் சாக்கெட் நிலைக்காது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், “கால் சரியில்லை, காசு வீணாயிற்று” என்ற மனக்குறை பாதி குறையும்.

கைக்கு எட்டாத மூச்சு

இரு கால் உள்ளவர் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் உடலை முன்னே தள்ளுவது கெண்டைத் தசை. முழங்காலுக்குக் கீழே கால் போனால் அந்தத் தசையும் கணுக்காலும் போய்விடும். அவை செய்த வேலையை இடுப்பும் தொடையும் மறுகாலும் பங்கிட்டுக்கொள்கின்றன. விலை, கூடுதல் ஆக்சிஜன்.

பாடநூல்கள் தரும் தோராயக் கணக்கு இப்படி இருக்கிறது. ஒரே தூரத்தைக் கடக்க, விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கு மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிக ஆற்றல் வேண்டும். ரத்தக்குழாய் நோயால் அதே மட்டத்தில் இழந்தவருக்கு 40 சதவீதம். முழங்காலுக்கு மேலே என்றால் விபத்துக்காரருக்கு 68 சதவீதம். ரத்தக்குழாய் நோயாளிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. எப்பாடுபட்டாவது முழங்காலைக் காப்பாற்ற மருத்துவர்கள் முயல்வது இதனால்தான்.

இதில் ஓர் அழகான நுட்பமும் உண்டு. கலிபோர்னியாவில் ராபர்ட் வாட்டர்ஸ், ஜாக்குலின் பெரி ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு, கால் இழந்தவர்கள் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதைக் காட்டியது. தூரத்துக்கான செலவு கூடினாலும் நிமிடத்துக்கான செலவு மற்றவர்களுடையதைத் தாண்டாதபடி உடல் தானே நடையை அமைத்துக்கொள்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை. மெதுவாக நடப்பவரைச் சோம்பல் என்றோ பயம் என்றோ வீட்டார் நினைத்தால் தவறு. அவர் இதயம் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கில் நோய் குறுக்கிடுகிறது. சிறுநீரகம் பழுதானால் ரத்தசோகை கூடவே வரும். ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் குறையும். டயாலிசிஸ் முடிந்த மாலையில் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். அன்று நடைப் பயிற்சி வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்பது சலுகையல்ல, உடலியல். இன்சுலின் போடுபவருக்கு இன்னொரு கண்ணி: நடை கூடினால் சர்க்கரை செலவாகும், பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே வெளியேற்றுவதால் அது உடலில் நீடித்து வேலை செய்யும். இரண்டும் சேர்ந்தால் பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே சர்க்கரை சட்டென்று இறங்கிக் கண் இருளலாம். சர்க்கரை பார்த்துவிட்டு நடப்பதும் சட்டைப் பையில் ஏதேனும் இனிப்பு வைத்திருப்பதும் பயிற்சியின் பகுதிகள்.

வலி வராத இடத்தில்

புதிய செருப்பு கடித்தால் நாம் நொண்டுகிறோம். நொண்டுவது காலைக் காப்பாற்றுகிறது. சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்றுவிட்டவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. சாக்கெட் உராய்ந்து புண்ணானாலும் அவர் நிம்மதியாக நடந்துகொண்டிருப்பார். “ஒண்ணும் வலிக்கலை” என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாத நோய் இது.

வலியின்மை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் முக்கியமானவை வேலூரில் நடந்தன. 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை என்று கண்டார். உணர்வற்ற விரலில் காயம் படுகிறது, வலிக்காததால் கவனிப்பு இல்லை, மீண்டும் மீண்டும் காயம். இப்படித்தான் அவை அழிந்தன. 1966இல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன அவர், அதே பார்வையைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டு சென்றார். அழுத்தம் விழும் இடம் புண்ணாவதற்கு முன்பே சூடாகும் என்பதால், வலி சொல்லாததை வெப்பத்தைக் கொண்டு அறியலாம் என்பது அந்தப் பணியில் முதிர்ந்த வழி. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பின் மென்மையான ரப்பருக்குப் பின்னாலும் இதே சிந்தனைதான் இருக்கிறது.

எஞ்சிய காலுக்கும் இதே பாடம். புதிய காலை முதல் நாளிலேயே நாள் முழுவதும் போடக் கூடாது. அரை மணி, ஒரு மணி என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தம் பட்ட இடம் சிவந்து சில நிமிடங்களில் மறைந்தால் பரவாயில்லை; மறையாமல் நின்றால் எச்சரிக்கை. ஆனால் அந்தச் ‘சிவப்பு’ வெளிர்ந்த தோலைப் பார்த்து எழுதப்பட்ட விதி. நம் மாநிறத்திலும் கருப்பிலும் சிவப்பு பல சமயம் தெரியாது. அந்த இடம் இன்னும் கருத்திருக்கிறதா, பளபளக்கிறதா, புறங்கையால் தொட்டால் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதே நமக்கு ஏற்ற சோதனை. சர்க்கரை கண்ணையும் மங்கவைத்திருந்தால் அந்தச் சோதனையை வீட்டில் இன்னொருவர்தான் செய்ய வேண்டும். இருக்கும் மறுகாலையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்: முதல் காலைப் பறித்த அதே நோய் அதிலும் இருக்கிறது, இப்போது சுமையும் அதற்குத்தான் அதிகம்.

இல்லாத கால் எழுந்து நிற்கும்போது

நரம்பு இந்தப் பக்கம் மௌனம் சாதிக்க, மறுபக்கம் மூளை இல்லாத காலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் அரிக்கிறது, பாதம் முறுக்குகிறது, எரிகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயம்பட்டவர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு மாய உறுப்பு என்று பெயரிட்டார். பைத்தியமோ கற்பனையோ அல்ல. காலுக்கென்று மூளையில் ஒதுக்கிய பகுதி, கால் போன பிறகும் தன் வேலையை விடவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கையிலெடுத்தார். இழந்த உறுப்பின் இடத்தில் நல்ல உறுப்பின் பிம்பம் விழும்படி கண்ணாடியை நிறுத்தி, நல்லதை அசைத்தால், இழந்தது அசைவதாகக் கண் மூளையிடம் சொல்கிறது. சிலருக்கு முறுக்கிக்கொண்ட மாயக் கை அப்போது தளர்ந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை; ஆனால் மருந்துச் சீட்டு ஏற்கெனவே நிரம்பி வழியும் நோயாளிக்குப் பக்கவிளைவு அதிகமில்லாத ஒரு முயற்சி.

மாய உறுப்பால் நேரும் பெரிய ஆபத்து வலி அல்ல, நள்ளிரவு. தூக்கக் கலக்கத்தில் சிறுநீர் கழிக்க எழுபவர், இரண்டு கால் இருப்பதாகவே உணர்ந்து, இல்லாத காலை ஊன்றி விழுகிறார். கட்டிலருகே கைப்பிடியும் விளக்கும் வைப்பது மூளையின் இந்தப் பழக்கத்துக்குச் செய்யும் ஏற்பாடு. அதே மாய உணர்வுக்கு நல்ல முகமும் உண்டு. செயற்கைக் காலை மாட்டியதும் மாயப் பாதம் நீண்டு போய் அதற்குள் நிறைந்துகொள்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி நிறைந்த பிறகு, தரை மேடா பள்ளமா என்பதைச் சாக்கெட்டின் அழுத்தத்திலிருந்தே அவர்கள் படித்துவிடுகிறார்கள்.

தரைக்கு ஏற்ற பாதம், நோய்க்கு ஏற்ற கவனிப்பு

மேற்கத்திய செயற்கைப் பாதம் ஷூவுக்குள் ஒளிந்து, நாற்காலியில் உட்காரும் வாழ்க்கைக்காக உருவானது. நம் ஊரில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், சம்மணமிட வேண்டும், குந்த வேண்டும். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் ரப்பரில் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்தது, ஈரத்துக்கு அஞ்சவில்லை, விலையும் குறைவு. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. நிலத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி காலை மாற்றலாம் என்று நிரூபித்த சாதனை அது. நோய்க்கு ஏற்றபடி காலைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருப்பது அடுத்த கட்டம். அதற்குத் தேவை புதுப் பொருளைவிட, துறைகளுக்கு இடையே பேச்சு.

ஓர் உதாரணம் போதும். டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுப்பது என்பதை எடை பார்த்தே முடிவு செய்கிறார்கள். கூடுதல் நீர் இல்லாதபோது உடம்பு இருக்க வேண்டிய எடையே டிரை வெயிட். செயற்கைக் கால் ஒன்றரை இரண்டு கிலோ இருக்கும். ஒரு நாள் அதை மாட்டிக்கொண்டும் இன்னொரு நாள் கழற்றிவிட்டும் எடை பார்த்தால், இல்லாத நீரை எடுக்கவும் இருக்கும் நீரை விட்டுவிடவும் நேரும். கால் போனபோதும் உடம்பின் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம் போயிருக்கும். பழைய டிரை வெயிட் அப்போதே பொருந்தாததாகிவிட்டது. ஊன்றுகோலோ வாக்கரோ கொடுப்பவர், பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கான ரத்தக்குழாய் இணைப்பு, எந்தக் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்; அந்தக் கையில் அழுத்தம் கூடாது. டிரை வெயிட்டை இரண்டு கிலோ குறைத்த சிறுநீரக மருத்துவருக்கு, அந்த மாதமே சாக்கெட் தளரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் சிறுநீரக மருத்துவரும் செயற்கைக் கால் செய்பவரும் சந்திப்பது அபூர்வம். ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குச் செய்தி கொண்டுபோவது நோயாளியும் அவர் வீட்டாரும்தான்.

ஆகவே கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, எடை, அதைக் காலோடு பார்த்ததா காலில்லாமலா, சர்க்கரை, அன்றைய சாக்ஸ் எண்ணிக்கை, தோலில் கண்டது. கால் மையத்துக்குப் போகும்போதும் மருத்துவரிடம் போகும்போதும் அதே நோட்டை நீட்டுங்கள். காலை மாட்டாமலே கழிந்த நாட்களையும் தயங்காமல் எழுதுங்கள். காய்ச்சலிலும் வீக்கத்திலும் புண்ணிலும் சக்கர நாற்காலியில் இருந்த நாள், தோல்வியின் கணக்கில் சேராது. அடுத்த சாக்கெட்டை எப்போது, எந்த அளவில் வார்ப்பது என்று தீர்மானிக்க அந்த நாட்களும் வேண்டும்.