செல்லோவில் ஒலித்த கண்டி முழவு

நீண்ட மரபுடைய இசையைப் பயிலும் மாணவருக்கு முன்னோர் வகுத்த பாதை உண்டு. ஆசிரியர் இசைத்துக் காட்டுவார். ஐயம் எழுந்தால் பிறரது இசைப்பதிவுகளைக் கேட்டும் தெளியலாம். நேற்று எழுதப்பெற்ற படைப்பை இன்று கையில் எடுக்கும் இளைஞருக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அதனை அவருக்கு முன் எவரும் இசைத்ததில்லை. ஆகவே தற்கால இசையில் ஈடுபடும் இளையோருக்கு அனுபவம் மிக்க கலைஞரின் துணை இன்றியமையாததாகிறது. அத்தகைய துணையாக விளங்கியவர்களுள் ஒருவர் செல்லோ கலைஞர் ரோகன் டி சேரம்.

கருவியும் கலைஞரும்

செல்லோ, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு தந்திக் கருவி. அமர்ந்த நிலையில், முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் இசைக்கப்படுவது. அதன் ஒலி மனிதக் குரலுக்கு நெருக்கமானது என்பர். டி சேரம், இலங்கைப் பெற்றோருக்கு 1939ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். இளமையை இலங்கையில் கழித்தார். செல்லோவுடன் கண்டிய மரபின் முழவையும் பயின்றார். பின்னர் இத்தாலியில் கஸ்பார் கசடோவிடமும், புவேர்ட்டோ ரிக்கோவில் பாப்லோ கசல்ஸிடமும் பாடம் கேட்டார். இருவரும் செல்லோ உலகின் பேராசான்கள்.

டார்ம்ஸ்டாட் வகுப்புகள்

1970களின் பிற்பகுதியில் ஆர்டிட்டி நால்வர் குழுவில் இணைந்த அவர், 2005 வரை அதில் இசைத்தார். வாழும் இசையமைப்பாளர்களின் படைப்புகளை அரங்கேற்றுவதே அக்குழுவின் முதன்மைப் பணி. 1982 முதல் 1996 வரை குழுவினர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடைபெறும் கோடைக்கால இசை வகுப்புகளில் தந்திக்கருவி ஆசிரியர்களாகவும் விளங்கினர். 1944இல் குண்டுவீச்சால் சிதைந்த நகரம் அது. நாஜி ஆட்சி தடைசெய்திருந்த புதிய இசையை இளந்தலைமுறை மீண்டும் அறியவேண்டும் என்னும் நோக்கத்தோடு, 1946இல் அங்கு இவ்வகுப்புகள் தொடங்கப்பெற்றன.

இத்தகைய வகுப்புகளில் வழிகாட்டும் கலைஞரின் பணி இருவகைப்படும். ஒன்று, இசைப்போருக்குக் கற்பிப்பது. புதிய படைப்புகளில் வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்டுதல், தந்தியை அழுத்தாது மெல்லத் தொட்டு மேல்நிலை ஒலிகளை எழுப்புதல், தந்திகளைத் தாங்கும் பாலத்திற்கு மிக அருகே வில்லை இழுத்தல் முதலிய முறைகள் மிகுதியாக வரும். ஒவ்வோர் இசையமைப்பாளரும் தமக்கெனப் புதுக்குறியீடுகளையும் படைப்பதுண்டு. அவற்றைப் படித்தறிவதும் தனிப் பயிற்சியாகும்.

மற்றொன்று, படைப்போருக்கு வழிகாட்டுவது. விரல்கள் எவ்வளவு தொலைவு விரியும், ஒரு தந்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற எவ்வளவு நேரம் வேண்டும் என்பவற்றை இளம் இசையமைப்பாளர் கருவியின் அருகில் அமர்ந்தே அறிகிறார். இங்கு வழிகாட்டியின் பொறுப்பு பெரிது. 'இயலாது' என்று அவர் விரைந்து மறுத்தால், ஒரு புதிய ஒலி பிறக்காமலே போகலாம். எழுதியதையெல்லாம் ஏற்றுக்கொண்டால், எழுதியவர் தம் குறையை அறியார். முயன்று பார்த்த பின்னரே கருத்துரைப்பது நல்ல வழிகாட்டியின் இயல்பு.

இசையமைப்பாளர் கற்ற பாடம்

கற்றல் இளையோருக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, 'செக்குவென்சா' என்னும் பெயரில் பெரும்பாலும் தனிக் கருவிகளுக்கெனப் படைப்புகளின் வரிசை ஒன்றை 1958 முதல் எழுதிவந்தார். அவ்வரிசையின் பதினான்காம் படைப்பைச் செல்லோவிற்காக, டி சேரத்தை எண்ணி இயற்றினார். அவர் இளமையில் பயின்ற கண்டி முழவின் தாளங்கள் அதில் இடம்பெற்றன. கலைஞர் வில்லை மட்டும் நம்பாது, விரல்களால் செல்லோவின் மர உடலைத் தட்டியும் இசைக்க வேண்டும். 2002இல் அப்படைப்பு அரங்கேறியபோது பெரியோவின் அகவை 76.

ஐரோப்பியக் கருவி ஒன்றைப் பயில்வதற்காக டி சேரம் தம் இளமையின் முழவை மறந்திருந்தால், இப்படைப்பு இவ்வடிவில் தோன்றியிருக்காது. தாம் வளர்ந்த மண்ணின் இசையைப் புதிய இசைக்குப் புறம்பானதாக அவர் கருதவில்லை. இசைக்குறிப்பு அச்சில் நிலைத்திருக்கும். ஆனால் கை எவ்வாறு விழவேண்டும் என்னும் அறிவு, அறிந்தவரிடமிருந்து பயில்பவருக்கு நேரில் சென்று சேர்கிறது. இன்று அப்படைப்பைப் பயிலும் மாணவர் இலங்கையைக் கண்டிராதவராக இருக்கலாம். எனினும், செல்லோவின் மரத்தை அவர் விரல்கள் தட்டும்போது கண்டி முழவின் தாளம் அவர் கையிலும் வந்து சேர்கிறது.