புது போர்டு, பழைய டிஸ்க்

மதர்போர்டை மாற்றிய பிறகு சர்வீஸ் கடையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "ஆன் ஆகுது, ஆனா டிஸ்ப்ளே வரல." ஃபேன் சுற்றுகிறது. போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய இடத்துக்கு அருகே ஒரு பொட்டு வெளிச்சம் எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. எஸ்எஸ்டியில் ஒரு பிட் கூட மாறவில்லை; படங்கள், கணக்குகள், விண்டோஸ் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் ஒரு கணினி தன்னைப் பற்றி அறிந்து வைத்திருப்பதெல்லாம் டிஸ்கில் இருப்பதில்லை. அதில் பெரும்பங்கு போர்டில் இருக்கிறது. போர்டைக் கழற்றும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது.

கறுப்புத் திரைக்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. ப்ராசஸருக்கென்று போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டரைச் சொருக மறந்திருக்கலாம். ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. நான் அறிந்தவரை கணினியில் இதைவிட வியப்பான வேலை குறைவு.

பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன் எல்லா வோல்டேஜ்களையும் நிலைப்படுத்துகிறது. பிறகு அரை விநாடிக்குள் "இனி தொடங்கலாம்" என்று ஒரு கம்பி வழியே போர்டுக்குச் சொல்கிறது. அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த ப்ராசஸர் அப்போதுதான் விடுபடுகிறது. இன்டெல் ப்ராசஸராக இருந்தால், அந்தக் கணத்தில் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. 1985-இல் வந்த இன்டெல் 386 காலத்து வழக்கம் இது. அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது போர்டில் உள்ள எட்டுக் கால் கொண்ட சின்னஞ்சிறு ஃபிளாஷ் சிப். பயாஸ் என்று நாம் இன்றும் அழைப்பது அதில்தான் இருக்கிறது; பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி.

கணினி எழத் தொடங்கும்போது ராம் இன்னும் பயனுக்கு வரவில்லை. இன்டெல் ப்ராசஸர்கள் தமக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே சிறிது நேரத்துக்கு ராமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. ஏஎம்டியின் புதிய ப்ராசஸர்களில், உள்ளேயே இருக்கும் தனிச் சிறு ப்ராசஸர் ஒன்று முன்கூட்டியே எழுந்து ராமைத் தயார் செய்கிறது.

ராமுக்கு அப்படி என்ன தயாரிப்பு? 6000 வேகத்தில் ஓடும் டிடிஆர்5 ராமில் ஒரு கம்பியில் ஒரு பிட் நிற்கும் நேரம் சுமார் 167 பிக்கோ விநாடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி கடக்கும் தூரமே 5 சென்டிமீட்டர்தான். போர்டின் செம்புத் தடத்தில் ஓடும் சிக்னல் அதில் ஏறக்குறைய பாதிதான் கடக்கும். அப்படியானால் ஒரு தடம் இன்னொன்றைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே ஒரு பிட் முந்தும், ஒரு பிட் பிந்தும். ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையே சில தடங்கள் பாம்பு போல நெளிந்து ஓடுவதை டார்ச் அடித்துப் பார்த்தால் காணலாம். நீளத்தைச் சமன் செய்யத்தான் அந்த நெளிவு. அதுவும் போதாது. எனவே மெமரி கன்ட்ரோலர் தெரிந்த ஒரு எண் வரிசையை ராமில் எழுதி, திரும்பப் படித்து, தாமதத்தைக் கடுகளவு நகர்த்தி, மறுபடியும் எழுதிப் படிக்கிறது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி, இரைச்சல் தொடங்கும் இரண்டு எல்லைகளையும் கண்டுபிடித்து நடுவில் நிறுத்துவோமே, அதே வேலை. வித்தியாசம், இங்கே ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக நடக்கிறது.

கண்டுபிடித்த அளவுகளை ஃபிளாஷ் சிப்பில் குறித்து வைத்துக்கொள்வதால்தான் அன்றாடம் கணினி சட்டென்று எழுகிறது. புது போர்டில் அந்தக் குறிப்பு இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். டிடிஆர்5 கணினிகளில், ராம் அதிகம் இருந்தால், இதற்குச் சில நிமிடங்கள் கூட ஆகும். பொறுமை இழந்து நடுவில் கரண்டை நிறுத்துபவர்கள் அந்த அளவெடுப்பை மறுபடியும் தொடக்கத்துக்கே கொண்டுபோகிறார்கள்.

திரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எந்த டிஸ்கில் எந்த ஃபைலிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வேண்டும். அதுவும் பழைய போர்டில்தான் இருந்தது. இங்கே, பழைய பயாஸின் இடத்துக்கு வந்த யூஈஎஃப்ஐயை வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: பட்டியல் இல்லாவிட்டால், டிஸ்கின் ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில், குறிப்பிட்ட ஒரு பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் அந்த இடத்தில் ஒரு பிரதியை வைத்திருக்கும். யாரும் எதுவும் செய்யாமலேயே பல கணினிகள் எழுந்துவிடுவது அதனால்தான்.

எழுந்ததும் சில கணினிகள் நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டிய டிஸ்கின் சாவியை விடுவித்துத் தந்தது பழைய கணினியின் டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதி. புது போர்டில் அந்த டிபிஎம் இல்லை. நீங்கள் உரிமையாளர்தான் என்பதை நிரூபிக்க மிச்சமிருக்கும் வழி அந்த எண். விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே டிஸ்கைப் பூட்டி, எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துவிடுவதால், பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

எழுதும்போது எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். உள்ளே இருப்பது எட்டு 16 பிட் எண்கள். ஒவ்வொன்றையும் 11-ஆல் பெருக்கித்தான் நமக்குக் காட்டுகிறார்கள். ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலோ, 11-ஆல் வகுபடாது. தப்பு அந்தத் தொகுதியிலேயே பிடிபடும். எந்தத் தொகுதியும் 720885-ஐத் தாண்ட முடியாது என்பதால், 8-இலோ 9-இலோ தொடங்கும் தொகுதியே கிடையாது. பதற்றத்தில் தட்டச்சு செய்யப்போகும் ஒருவரை நினைத்துச் செய்த கணக்கு இது. எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

அடுத்த தடை விசித்திரமானது. பயாஸின் உதவியால் விண்டோஸின் கருவான கெர்னல் டிஸ்கிலிருந்து ராமுக்கு வந்துவிட்டது. அந்த நொடியிலிருந்து டிஸ்கைத் தன் சொந்த டிரைவரால்தான் அது படிக்க வேண்டும். புது போர்டு டிஸ்கை வேறு முறையில், உதாரணமாக இன்டெல்லின் விஎம்டி வழியாக, இணைத்திருந்து அதற்கான டிரைவர் விண்டோஸில் இல்லையென்றால், எந்த டிஸ்கிலிருந்து தான் வந்ததோ அதையே காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்து, பழையபடி இணைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். லினக்ஸ் இதில் தாராளமானது. அதன் பொதுவான கெர்னல்கள் பெரும்பாலான டிரைவர்களையும் சுமந்துகொண்டே வருகின்றன. ஆனால் நெட்வொர்க் கார்டுக்கு அது இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டும் வழக்கத்தால், புது போர்டில் பெயர் மாறி இணையம் நின்றுபோகலாம். விண்டோஸின் உரிமமும் போர்டைப் பார்த்தே தரப்படுவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்திருந்தால் திரும்பப் பெறும் வழி இருக்கிறது, ஆனால் கணினியோடு சேர்த்து விற்ற உரிமம் பொதுவாகப் பழைய போர்டோடு முடிந்தது.

டெஸ்க்டாப் வந்த பிறகும் பிரவுசர் சில சமயம் எந்தத் தளத்தையும் திறக்காது. காரணம் கடிகாரம். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம்தான் போர்டின் கடிகாரம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். கரண்ட் இல்லாதபோது அதை ஓட வைப்பது நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி. புது போர்டின் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், தளங்களின் சான்றிதழ்களெல்லாம் இன்னும் நடைமுறைக்கே வராதவை என்று பிரவுசர் மறுத்துவிடும். தேதியைக் கையால் திருத்தியதும் அதே தளங்கள் திறக்கின்றன.