இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஈ!

தக்காளிச் செடியின் இலையில் வெள்ளைக் கோடுகள் ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பு ஊர்ந்த தடம் போல அவை வளைந்து வளைந்து போகும். அவரை, வெண்டை, பூசணி, சாமந்தி இலைகளிலும் அந்தக் கோடுகளைக் காணலாம்.

அது நோய் அல்ல. ஒரு புழு தோண்டிய சுரங்கப்பாதை!

ஓர் இலையின் கனம் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய ஒரு காகிதத்தின் கனம்தான். அந்தக் கனத்துக்குள்ளே ஓர் உயிர் பிறக்கிறது. தின்கிறது. வளர்கிறது. பிறகு வெளியே வருகிறது.

இந்த வேலையைச் செய்வது ஒரு சின்னஞ்சிறு ஈயின் புழு. அந்த ஈயின் நீளம் சுமார் 2 மில்லி மீட்டர். கடுகளவுதான். உடலில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும். "லிரியோமைசா டிரிபோலி" என்பது விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டிய பெயர். நாம் "இலைச் சுரங்க ஈ" என்று சொல்லலாம். அது மனிதரைக் கடிக்காது. மாட்டைக் கடிக்காது. இலைதான் அதற்கு வீடு, இலைதான் உணவு.

தாய் போடும் துளை

பெண் ஈயின் வால் பக்கம் ஊசி போன்ற உறுப்பு இருக்கிறது. அதைக் கொண்டு இலையில் துளை போடும். துளையில் ஊறும் சாற்றைக் குடிக்கும். ஆண் ஈயால் துளை போட முடியாது. பெண் ஈ போட்ட துளையில்தான் அதுவும் பசியாற வேண்டும்!

சில துளைகளில் மட்டும் பெண் ஈ முட்டை வைக்கும். ஒரே ஈ தன் வாழ்நாளில் 200 முதல் 400 முட்டைகள் வரை இடும்.

2 முதல் 5 நாளில் முட்டை பொரியும். வெளிவரும் புழுவுக்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. வாயில் கொக்கி மட்டும் உண்டு. இலையின் மேல்தோலையும் அடித்தோலையும் விட்டுவிடும். நடுவில் இருக்கும் பச்சைச் சதையைச் சுரண்டித் தின்றுகொண்டே முன்னேறும்.

கோடு முதலில் மயிரிழை போல இருக்கும். புழு பெருக்கப் பெருக்க, கோடும் அகலமாகும். மெல்லிய முனை புழு பிறந்த இடம். அகன்ற முனை அது வெளியேறிய இடம். நடுவே தெரியும் கறுப்புத் தடம் புழுவின் எச்சம்.

வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் புழு முழு வளர்ச்சி அடைந்துவிடும். இலையைக் கீறிக்கொண்டு வெளியே வந்து மண்ணில் விழும். அங்கே கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாகப் பறக்கும்.

பூச்செடியோடு வந்த விருந்தாளி

இந்த ஈ அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1880-ம் ஆண்டில் அமெரிக்காவில், குளோவர் என்ற மூவிலைப் பூண்டில் கண்டு இதை விவரித்து எழுதினார்கள். "டிரிபோலி" என்ற பெயர் அந்தப் பூண்டிலிருந்து வந்ததே.

1970-களில் புளோரிடாவிலிருந்து சாமந்தி இனத்துச் செடித் துண்டுகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. இலைக்குள் இருந்த முட்டை யார் கண்ணில் பட்டது? கென்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஈ கப்பம் கட்டாமலே போய்ச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் தென்பட்டது. ஆமணக்கு, பருத்தி, தக்காளி என்று பரவிவிட்டது.

வேலியோரத்தில் நடப்பது என்ன?

இலைச் சுரங்க ஈக்களின் குடும்பத்தில் சுமார் 3,000 வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒரு செடியையோ, அதன் உறவுச் செடிகளையோ மட்டும் தின்னும். இந்த ஈ அப்படி அல்ல. 25-க்கும் மேற்பட்ட செடிக் குடும்பங்களில் கை வைக்கிறது!

தக்காளி அறுவடை முடிந்துவிட்டால் ஈ பட்டினி கிடக்குமா? கிடக்காது. வேலியோரத்து மணத்தக்காளி இருக்கிறது. சொடக்குத் தக்காளி இருக்கிறது. தரிசில் தானாக முளைத்த ஆமணக்கு இருக்கிறது. அங்கே காத்திருந்து, அடுத்த பயிர் வந்ததும் திரும்பி வரும்.

அப்படியானால் வேலிச் செடிகளை எல்லாம் அழித்துவிட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள்! எதிரி ஒளியும் அதே செடியில் நம் நண்பனும் குடியிருக்கிறான்.

அவன் பெயர் ஒட்டுண்ணிக் குளவி. ஈயைப் போலவே மிகச் சிறியவன். இலைமேல் நடந்து, உள்ளே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான். ஒரு வகைக் குளவி, புழுவைக் கொட்டி மயக்கி, அதன் பக்கத்தில் முட்டையிடுகிறது. குளவிக் குஞ்சு பொரிந்ததும் அந்தப் புழுவே அதற்குச் சாப்பாடு!

புளோரிடாவில் தக்காளித் தோட்டத்துக் களைகளை ஆராய்ந்தார்கள். ஈயும் இருந்தது, அதை அழிக்கும் குளவிகளும் இருந்தன.

கடுமையான பூச்சி மருந்தை அடித்தால் என்ன ஆகிறது? இலைக்கு வெளியே திரியும் குளவி சாகிறது. இலைக்குள் இருக்கும் புழு பல நேரம் தப்பிக்கிறது. நாளடைவில் மருந்தைத் தாங்கும் சக்தியும் ஈக்கு வந்துவிடுகிறது. மருந்துக்குச் செலவழித்த விவசாயிக்கு, பணமும் நஷ்டம், பயிரும் நஷ்டம்.

என்ன செய்யலாம்?

நாற்று வாங்கும்போது இலையைப் பாருங்கள். கோடு விழுந்த நாற்றைத் தள்ளிவிடுங்கள்.

வயலுக்குள் இருக்கும் களைகளை நடவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பயிர் நிற்கும்போது வேலியை மொத்தமாக வெட்டினால், அங்குள்ள ஈ பயிருக்கு வந்துவிடும்.

ஒரு சுரங்கத்தைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் புழு நெளிந்தால் ஈ வளர்கிறது. அத்தகைய இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். பல இலைகளில் புழு துவண்டு கிடந்தால், குளவி வேலை செய்கிறது என்று கொள்ளலாம். மருந்தைத் தொடாதீர்கள்.

தாக்குதல் மிகுந்தால் வேப்பங்கொட்டைச் சாறு கைகொடுக்கும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் தெளியுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டாலும் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இலையில் கோட்டைக் கண்டதும் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே நெளிவது யார் என்று தெரிந்துகொண்டால், பாதிச் செலவு மிச்சம்!