பல்லேகலைப் பதிவைக் கேட்டு வாங்குவது

2004 டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை 6.58. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் உடைந்தது. முதல் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நில அதிர்வுமானியை எட்டிவிட்டது. கடல் கிழக்குக் கரைக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலம் அளவில் பிடித்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அன்றைய பல்லேகலைப் பதிவு இன்றும் அமெரிக்காவின் ஐரிஸ் தரவு மையத்தில் இருக்கிறது (2023 முதல் அதன் பெயர் எர்த்ஸ்கோப்). கேட்டால் இலவசமாகவே தருவார்கள். வீரமுனையிலோ சம்மாந்துறையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும்.

கேட்கும் முறைதான் கொஞ்சம் கெடுபிடியானது. எந்த வலையமைப்பு, எந்த நிலையம், எந்தத் தடம், எப்போதிலிருந்து எப்போது வரை என்று எல்லாவற்றையும் குறியீடாகச் சொல்ல வேண்டும். வரும் பதிலும் சுருக்கிக் கட்டிய இருமக் கோப்பு. திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. இங்கேதான் ஒப்ஸ்பை உதவிக்கு வருகிறது. ஜேர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, பைத்தான் மொழிக்கான இலவச லைப்ரரி அது. கச்சேரி வாசலில் படிவம் நிரப்பிக் கொடுப்பவரைப் போல, நம் கேள்வியை மையம் ஏற்கும் வடிவில் எழுதி அனுப்பும். வந்த கோப்பையும் பிரித்து வரைபடமாகக் காட்டும். நிரல் ஐந்தாறு வரிக்கு மேல் போகாது.

ஆனால் கேள்வியே பிழையென்றால் லைப்ரரி என்ன செய்யும்? நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்ஸ்பை உலகப் பொது நேரத்தில்தான் கணக்குப் பார்க்கும். இலங்கைக் கடிகாரம் இப்போது அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. 2004இலோ ஆறு மணித்தியாலம். 2006 ஏப்ரலில்தான் பழையபடி மாற்றினார்கள். இன்றைய கணக்கில் கழித்துக் கேட்டால் அரை மணித்தியாலம் பிந்திய துண்டுதான் கிடைக்கும். முதல் அதிர்வு அதில் இராது. லைப்ரரி எச்சரிக்கவும் மாட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் கேட்டதைச் சரியாகவே கொடுத்திருக்கிறது.

வரைபடத்தில் ஏறி இறங்கும் எண்கள் மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவை கருவியின் சொந்த எண்ணிக்கைகள். நிலம் உண்மையில் எவ்வளவு அசைந்தது என்று அறிய, கருவியின் அளவீட்டுக் குறிப்பையும் அதே மையத்திடம் தனியாகக் கேட்டு வாங்கித் திருத்த வேண்டும். அதற்கும் ஒப்ஸ்பையில் ஒரு கட்டளை உண்டு.

உலகின் பெரிய நில அதிர்வு மையங்கள் ஒரே கேள்வி முறையை ஏற்றுக்கொண்டிருப்பதால், நிரலில் ஐரிஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு ஜி.எஃப்.இசட் என்று போட்டால் அடுத்த கேள்வி ஜேர்மனியின் பொட்ஸ்டாமுக்குப் போகும்.