அயலார் நிலத்தில் நம் கூடாரம்

பயணத்திற்குத் திட்டமிடுவோர் முதலில் எண்ணுவது, எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதையே. நம்மை வரவேற்கும் மண்ணும் மக்களும் நம்மிடம் எதிர்பார்ப்பது யாது என்று எண்ணுவோர் சிலரே. ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்திற்குச் சங்கிலிபோல் கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளோ, இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணாதவரை உள்ளே விடுவதில்லை. கூடாரத்தையும் சமையற் பாத்திரங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, அத்தீவுகளின் தென்பகுதியிலிருந்து வடகோடி வரை செல்ல ஒரு குடும்பம் விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பம் எவ்வாறு திட்டமிடல் வேண்டும்?

முதலில் கடலைக் கேட்க வேண்டும். ஓபான் துறைமுகத்திலிருந்து பாரா தீவை அடையக் கப்பலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பாராவிலிருந்து எரிஸ்கே தீவுக்கு 40 நிமிடம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸுக்கு ஒரு மணி நேரம். இறுதியாக, லூயிஸிலுள்ள ஸ்டோர்னோவே நகரிலிருந்து பெருநிலம் திரும்பவும் கப்பலே. கோடையில் இந்நான்கு கப்பல்களிலும் காருக்கு முன்னதாகவே இடம் பதிவு செய்தல் நன்று. இடையிலுள்ள தீவுகளைப் பாலங்களும் கடலில் கல்லடுக்கி எழுப்பிய சாலைகளும் இணைக்கின்றன. தெற்கு யூவிஸ்டையும் பென்பெக்குலாவையும் முதலில் இணைத்த பாலம் 1942-இல் எழுந்தது. எரிஸ்கே சாலை 2001-இல்தான் திறக்கப்பட்டது.

காற்று பலமாயின் கப்பல்கள் நின்றுவிடும். 2005 ஜனவரியில் வீசிய கொடும்புயலில், தெற்கு யூவிஸ்டில் பெருகிவந்த வெள்ளத்திற்கு அஞ்சி வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஒரே குடும்பத்தினர் ஐவரைக் கடல் கொண்டுபோயிற்று. கடலோரத்திலேயே வாழ்ந்தவர்க்கு அந்நிலை என்றால், விடுமுறைக்குச் செல்வோர் எம்மாத்திரம்? ஆகவே வாரத்திற்கு ஒரு நாளையேனும் எந்த வேலையும் இன்றி ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை. அது காற்றுக்கு உரிய நாள்.

அடுத்து நிலத்தைக் கேட்க வேண்டும். மேற்குக் கரையோரமாகச் சிப்பித்தூள் கலந்த வெண்மணல் படிந்து, கோடையில் மலர்க்கம்பளம் விரித்தாற்போல் விளங்கும் சமவெளியை அங்குள்ளோர் ‘மாக்கேர்’ என்பர். காண்போர்க்கு அது வெறும் புல்வெளி. சிறு குடியானவர்களுக்கோ அதுவே மேய்ச்சல் நிலமும் விளைநிலமும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அதுவே வீடு. காரின் சக்கரம் மெல்லிய புற்றரையைக் கிழித்துவிட்டால், கீழிருக்கும் மணலைக் காற்று வாரிச் செல்லும். 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச்சட்டம், பொறுப்புடன் நடப்போர் திறந்த வெளியில் சிறு கூடாரம் அமைக்க உரிமை தருகின்றது. ஆனால் அவ்வுரிமை மோட்டார் வண்டிகளுக்கு இல்லை. பயிரோ கால்நடையோ உள்ள வேலியடைத்த நிலத்தை விலக்கி, சிலராய், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேற்படாமல் தங்கி, குப்பை அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுதலே முறை.

சாலைகள் பலவும் ஒரு வண்டி செல்லும் அகலமே உடையவை. ஆங்காங்கே ஒதுங்கி நிற்க இடம் உண்டு. எதிரே வருபவர்க்கு மட்டுமன்று, பின்னால் வருபவர்க்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவர் நோயாளியைக் காண விரையும் மருத்துவராய் இருக்கலாம்.

மூன்றாவதாக மக்களைக் கேட்க வேண்டும். பாராவும் எரிஸ்கேயும் தெற்கு யூவிஸ்டும் பெரும்பாலும் கத்தோலிக்கத் தீவுகள். எரிஸ்கேயில் 1903-இல் எழுந்த புனித மிக்கேல் ஆலயத்தின் பலிபீடத்தை ஒரு படகின் முன்பகுதி தாங்கி நிற்கின்றது. தெற்கு யூவிஸ்டின் குன்றுச் சரிவில், குழந்தை இயேசுவை ஏந்திய தீவுகளின் அன்னைக்கு 1957-இல் கருங்கற் சிலை நிறுவப்பெற்றது.

வடக்கே ஹாரிஸும் லூயிஸும் பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் தீவுகள். ஞாயிறன்று துணி உலர்த்துவதையும் தவிர்க்கும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக உண்டு. ஸ்டோர்னோவேயிலிருந்து பெருநிலத்திற்கு ஞாயிற்றுக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். அதற்கும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இன்றும் அன்று திறந்திராத கடைகள் மிகுதி. எனவே உணவும் பெட்ரோலும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். ஸ்டோர்னோவேயில் கத்தோலிக்க ஆலயம் உண்டு. திருப்பலி நேரத்தை முன்னரே கேட்டறிதல் நலம்.

‘பணம் கொடுத்து வந்தோம், கடை ஏன் மூடிக்கிடக்கிறது?’ என்று முணுமுணுக்கும் பயணியர் உண்டு. அன்பர்களே, திருப்பலி முடிந்த கையோடு கடைவீதிக்கு விரையும் நமக்கு, அம்முணுமுணுப்பு உரியதுதானா? ஆண்டவரின் நாளை ஆண்டவருக்கே விட்டுவைக்க, பிரிந்த சகோதரர்கள் வருவாயையும் வசதியையும் இழக்க முன்வந்தார்கள். அவர்களுடைய கண்டிப்பு முழுவதும் நமக்கு ஏற்புடையதன்று. எனினும் அவர்களிடையே தங்கும் ஒரு ஞாயிறு, நம் ஞாயிறு என்ன ஆயிற்று என்று நம்மைக் கேட்க வைக்கும்.

ஆக, நல்ல திட்டம் என்பது நாட்களையெல்லாம் நம் விருப்பத்தால் நிரப்புவதன்று. காற்றுக்கு ஒரு நாள், இறைவனுக்கு ஒரு நாள், பிறர் பிழைப்புக்கு உரிய நிலத்தை ஊறின்றி விடுதல் — இவற்றை முதலில் எழுதிக்கொண்டு, மிஞ்சிய இடத்தில் நம் ஆசைகளை எழுதுவதாகும். தீவுப் பயணத்திற்கு மட்டுமா, நம் குடும்ப வாழ்வுக்கும் இதுவன்றோ சரியான வரிசை?