53 வருதா, 5 வருதா?

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேள், தம்பி. பிரிக்பீல்ட்ஸில் கணக்கு அலுவலகம், கிள்ளானில் கிடங்கு, நடுவே விபிஎன். கிள்ளான் செர்வரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செர்வரின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. உடனே 'எவ்ரிஒன்' என்று போட்டு எல்லாருக்கும் திறந்துவிடாதே. சம்பளப் பட்டியலும் ஐசி நம்பரும் அதற்குள் இருக்கின்றன. அவற்றைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

முதலில் 'நெட் யூஸ்' கட்டளை போட்டு, வருகிற எண்ணைப் பார். 53 வந்தால் செர்வரையே எட்டவில்லை. 5 வந்தால் எட்டியாயிற்று, அனுமதிதான் இல்லை. 53-க்கு அனுமதியை எவ்வளவு தளர்த்தினாலும் ஒன்றும் நடக்காது.

53 என்றால், பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுத்துப் பார். திறந்தால் டிஎன்எஸ்ஸைச் சரிசெய். திறக்காவிட்டால் 445-ஆம் போர்ட்டைச் சோதி. பிங் வருகிறதே என்று நம்பிவிடாதே; பிங் அந்தப் போர்ட்டைத் தொடுவதே இல்லை. பவர்ஷெல்லின் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' அந்தப் போர்ட் எண்ணையும் கொடுத்தால் சரியாகச் சொல்லும்.

அலுவலகத்துக்குள் திறந்து, கிள்ளானிலிருந்து மட்டும் திறக்கவில்லையா? பிரிக்பீல்ட்ஸ் செர்வரில் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருந்தால், விண்டோஸ் ஃபயர்வால் 'லோக்கல் சப்நெட்'டுக்கு மட்டுமே ஷேரிங்கை விடும். கிள்ளானின் ஐபி வரிசையை அந்த விதியில் சேர். இரண்டு இடத்திலும் ஒரே 192.168.1 வரிசை ஓடினால் ஒன்றை மாற்றியே ஆகவேண்டும்.

விபிஎன் தொல்லை வேண்டாம், 445-ஐ இன்டர்நெட்டுக்கே திறந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் பரவியது அந்தப் போர்ட் வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்திருந்தும், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இனி 5. ஷேர் அனுமதி ஒன்று, என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று. எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரில் 'ரீட்' மட்டும் இருந்தால், என்டிஎஃப்எஸ்ஸில் முழு உரிமை கொடுத்தாலும் எழுத முடியாது.

நீ திறந்தால் திறக்கிறது, இரவு பேக்அப் மட்டும் தோற்கிறது என்றால், அது யார் பெயரில் ஓடுகிறது என்று பார். 'லோக்கல் சிஸ்டம்' கணக்கில் ஓடினால், டொமைனில் எதிர் செர்வருக்குத் தெரிவது உன் பெயரல்ல; அந்தக் கணினியின் பெயர், கடைசியில் டாலர் குறியோடு. அந்தக் கணக்குக்கு ஷேர், என்டிஎஃப்எஸ் இரண்டிலும் அனுமதி கொடு. பேக்அப்புக்கென்றே ஒரு தனிக் கணக்கு வைத்தால் இன்னும் நல்லது. முன்பே யாராவது 'எவ்ரிஒன்' போட்டிருந்தால், பிறகு அதை எடுத்துவிடு.